ரெண்டு குட்டீஸ், ஒரு மகாபலிபுரம்: ஒரு நாள் டிரிப்பை எப்படிப் பிளான் பண்றது?

*இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம் இது. படிக்க வசதியாக, பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களையும் நடுவில் குக்கர் விசில் அடித்த இடங்களையும் வெட்டியிருக்கிறோம்.*

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் சுயநலமானது, முதல்லயே சொல்லிடறேன். வர்ற சனிக்கிழமை எங்க அக்காவுக்கு ஆபீஸ். மாமா ஊர்ல இல்ல. பெரியவனுக்கு ஆறு வயசு, சின்னவளுக்கு மூணு. "மாமா, எங்கயாவது கூட்டிட்டுப் போ"ன்னு ஒரு மாசமா நச்சரிப்பு. நானும் வீராப்பா "மகாபலிபுரம் போலாம்டா"ன்னு சொல்லிட்டேன். சொன்ன அன்னைக்கு ராத்திரிதான் உறைச்சுது: எனக்கு ஒரு குழந்தைக்கு டயப்பர் மாத்தக்கூடத் தெரியாது.

அதனால இன்னைக்கு கெஸ்ட் வேற யாரும் இல்ல, எங்க அக்காவேதான். கல்யாணம் ஆகாதவங்களும் கேளுங்க. அக்கா பசங்க, அண்ணன் பசங்கன்னு என்னைக்காவது ஒருநாள் இந்த டியூட்டி உங்களுக்கும் வரும்.

"எத்தனை இடம்?"ங்கறதுதான் முதல் தப்பு

நான்: அக்கா, நான் லிஸ்ட் போட்டுட்டேன். காலைல முட்டுக்காடு போட்டிங், அப்புறம் தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, மத்தியானம் மகாபலிபுரம், சாயங்காலம் பீச். எல்லாமே ஈசிஆர்ல வரிசையா இருக்கு, சுத்த வேண்டியதே இல்ல. எப்படி?

அக்கா: கிழிச்சுப் போட்ரு.

நான்: ஏன்?

அக்கா: போன வருஷம் நாங்களும் இதே லிஸ்ட்தான்டா போட்டோம். மாமாவுக்குக் கிடைக்கறது வாரத்துல ஒருநாள் லீவு. அந்த ஒருநாள்ல எல்லாத்தையும் காட்டிடணும்னு வெறி. மூணாவது இடத்துக்கே சின்னவ தரைல படுத்துட்டா. எழுந்திரிக்கவே மாட்டேன்னுட்டா. நாலாவது இடத்துல பெரியவன் காணாமப் போனான். அதை அப்புறம் சொல்றேன்.

நான்: சரி, அப்ப எத்தனை இடம்?

அக்கா: ரெண்டு. ஒண்ணு வெட்டவெளியில, ஒண்ணு மரநிழல்ல. மத்தியான தூக்க நேரத்துக்குள்ள கார்ல ஏறிடணும். மூணு வயசுக் குழந்தை மதியம் தூங்காம இருந்தா, மிச்ச நாள் முழுக்க அந்தக் கடனை நீதான் கட்டணும். பெரியவங்க கணக்கு கிலோமீட்டர்ல ஓடும். குழந்தைக்குப் பசி, தூக்கம், மூத்திரம், வெயில், இந்த நாலுதான் கணக்கு.

எங்கே முதல்ல, எங்கே அப்புறம்

நான்: அப்ப எந்த ரெண்டு?

அக்கா: சனிக்கிழமைதானே? மகாபலிபுரமும் முதலைப் பண்ணையும். முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை லீவு, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமை லீவு. இது தெரியாம கேட் வரைக்கும் போய்த் திரும்பி வர்றவங்க நிறைய பேர்.

நான்: சென்னைலருந்து போனா முதலைப் பண்ணைதானே முதல்ல வருது? அதை முடிச்சுட்டு அங்க போனா என்ன?

அக்கா: எல்லாரும் அப்படித்தான் யோசிப்பாங்க. ஆனா மகாபலிபுரம் முழுக்கக் கருங்கல்லு. பத்து மணிக்கு மேல அந்தக் கல்லு சூடேறிடும், நிழலும் கம்மி. முதலைப் பண்ணைல மரம் அடர்த்தி, பதினோரு மணிக்கும் நடக்கலாம். அதனால தூரத்துல இருக்கறதை முதல்ல முடி. ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பு. சென்னைலருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர், காலைல ஈசிஆர் காலியா இருக்கும். ஏழரைக்கு அங்க இருப்ப. ஒன்பதே முக்காலுக்கு அங்கருந்து கிளம்பி, திரும்பி வர்ற வழியில வடநெம்மேலில முதலைப் பண்ணை. பன்னிரண்டு மணிக்கு அங்கயே நிழல்ல உக்காந்து கட்டுச்சோறு. அப்புறம் கார். வண்டி கோவளம் தாண்டறதுக்குள்ள ரெண்டும் தூங்கிடும்.

நான்: அரை நாள்தான் ஆச்சே?

அக்கா: குழந்தைக்கு அதான்டா முழு நாள்.

நான்: தட்சிணசித்ரா?

அக்கா: அது தனியா ஒரு நாளைக்கு. 1996ல திறந்தது. தமிழ்நாடு, கேரளா, ஆந்திரா, கர்நாடகாலருந்து பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து அப்படியே திரும்பக் கட்டியிருக்காங்க. திண்ணை, முற்றம், ஊஞ்சல்னு ஓடி விளையாட நல்ல இடம், மண்பானை செய்யறதையும் பார்க்கலாம். அதை ரெண்டு மணி நேரத்துல முடிக்கணும்னு நினைச்சா அதுக்கும் அநியாயம், பசங்களுக்கும் அநியாயம்.

கல்லை எப்படிக் காட்டுவது

நான்: எனக்கு இதுலதான் பயம். ஆறு வயசுப் பையன்கிட்ட நரசிம்மவர்மன், ஏழாம் நூற்றாண்டு, 1984ல யுனெஸ்கோ அங்கீகாரம்னு சொன்னா கேப்பானா?

அக்கா: கேக்க மாட்டான், சொல்லவும் வேண்டாம். தேடுற விளையாட்டா மாத்து. அர்ச்சுனன் தபசு பாறைக்கு எதிர்ல நிக்க வச்சு, "இதுல ஒரு திருட்டுப் பூனை இருக்கு, கண்டுபிடி"ன்னு சொல்லு.

நான்: நிஜமாவே இருக்கா?

அக்கா: நீ எத்தனை தடவை போயிருக்க! பெரிய யானைக்குக் கீழ்ப்பக்கம் பாரு. ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு, முன்னங்கால் ரெண்டையும் மேல தூக்கித் தவம் பண்ற மாதிரி போஸ் குடுக்கும். சுத்தி எலிங்க, சாமி வந்துடுச்சுன்னு நம்பிக் கும்பிட்டுட்டு நிக்கும். மேல ஒரு மனுஷன் ஒத்தைக்கால்ல நிஜமா தவம் பண்றான், கீழ பூனை அதே மாதிரி நடிக்குது. பெரியவன் இதைக் கேட்டுட்டு, "அப்ப எலியைச் சாப்பிட்டுடுச்சா?"ன்னு ஒரு வாரம் கேட்டுட்டிருந்தான்.

நான்: நீ என்ன சொன்ன?

அக்கா: "சிற்பி அதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாரு"ன்னு சொன்னேன். இன்னும் இருக்கு. யானைக் குட்டிங்க பெரிய யானையோட காலுக்கு நடுவுல நிக்கும், எண்ணச் சொல்லு. பின்னங்காலால மூக்கைச் சொறியற மான் ஒண்ணு இருக்கு. பாறைக்கு நடுவுல ஒரு பிளவு, அதுல நாகர்கள் இருப்பாங்க. மேல தொட்டி இருந்த அடையாளம் இருக்கறதால, பிளவு வழியா நிஜத் தண்ணியே விட்டிருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. அர்ச்சுனன் தவமா, கங்கை பூமிக்கு வர்ற கதையாங்கற விவாதம் இன்னும் நடக்குது. பசங்ககிட்ட "ரெண்டு கதையும் சொல்றேன், எது சரின்னு நீயே பாரு"ன்னு விட்ரு.

நான்: அப்புறம் வெண்ணெய் உருண்டை.

அக்கா: அங்க நீ ஒண்ணுமே சொல்ல வேண்டாம். சரிவுல ஓட்டமும் சறுக்கலும் தானா நடக்கும். உயரம் ஏறக்குறைய ஆறு மீட்டர், எடை 250 டன் இருக்கும்னு கணக்கு. 1908ல கவர்னரா இருந்த ஆர்தர் லாலி, இது உருண்டு ஊருக்குள்ள வந்துடுமோன்னு பயந்து ஏழு யானையைக் கட்டி இழுக்க வச்சாருன்னும், கல்லு அசையலைன்னும் ஒரு கதை உண்டு. பெரியவனைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போ. முன்னாடி உருண்டையாத் தெரியற கல்லு, பின்னாடி வெட்டுப்பட்ட மாதிரி தட்டையா இருக்கும். "முழு உருண்டை இல்லியா, ஏமாத்திட்டாங்க"ம்பான். அப்படிச் சொன்னா நல்லாப் பார்த்திருக்கான்னு அர்த்தம்.

நான்: ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் ரெண்டும்?

அக்கா: ஏதாவது ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே டிக்கெட்தான். 15 வயசுக்குக் கீழ இருந்தா தொல்லியல் துறை நினைவுச் சின்னங்கள்ல டிக்கெட்டே கிடையாது. குட்டீஸ்னா நான் ஐந்து ரதம் போவேன், அங்க முழு சைஸ் கல் யானை நிக்குது. அந்த ரதமெல்லாம் செங்கல் மாதிரி அடுக்கிக் கட்டினது இல்ல, பாறையை மேலருந்து கீழ செதுக்கிக்கிட்டே வந்தது. அதான் சில இடத்துல மேல வேலை முடிஞ்சிருக்கும், அடிப்பகுதி முடியாம கரடுமுரடா நிக்கும். கடற்கரைக் கோயில் அப்படி இல்ல, கல்லை வெட்டி அடுக்கிக் கட்டினது. வீட்டுக்கு வந்து களிமண் ஒரு கட்டியும் பில்டிங் பிளாக்ஸும் குடுத்துப் பாரு, ரெண்டுக்கும் வித்தியாசம் தானாப் புரியும்.

அசையாத முதலை போர் அடிக்காதா?

நான்: முதலைப் பண்ணைல எனக்கு ஞாபகம் இருக்கறது, எல்லா முதலையும் பொம்மை மாதிரி கிடந்தது மட்டும்தான்.

அக்கா: ஏன் கிடக்குதுன்னு சொன்னா போர் அடிக்காது. முதலைக்கு நம்மள மாதிரி உடம்புக்குள்ளயே சூட்டை உண்டாக்கிச் சமாளிக்கற ஏற்பாடு இல்ல. வெயில்ல கிடந்து சூடேத்திக்கும், சூடு அதிகமானா வாயைத் திறந்து வச்சு ஆத்திக்கும், இல்லன்னா தண்ணிக்குள்ள போயிடும். "வாயைத் திறந்திருக்கறதெல்லாம் கடிக்கறதுக்கில்ல, ஏசி போட்டிருக்கு"ன்னு பெரியவன்கிட்ட சொன்னேன், பிடிச்சுக்கிட்டான்.

நான்: இதை நானே இன்னைக்குத்தான் கேக்கறேன்.

அக்கா: இன்னொண்ணு கேளு. முட்டைக்குள்ள இருக்கறது ஆணா பெண்ணாங்கறதை, அது புதைஞ்சிருக்கற மண்ணோட சூடுதான் தீர்மானிக்கும். நம்ம ஊர் சதுப்பு முதலைல, 32.5 டிகிரியை ஒட்டி இருந்தா ஆண், அதைவிடக் குளிர்ச்சியா 30 டிகிரி வாக்குல இருந்தா பெண்.

நான்: இந்தப் பண்ணை எதுக்கு ஆரம்பிச்சாங்க? சுற்றுலாவுக்கா?

அக்கா: இல்ல. தோலுக்காக வேட்டையாடி வேட்டையாடி இந்தியாவுல முதலைங்க ரொம்பக் குறைஞ்சு போச்சு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. 1976ல ரோமுலஸ் விட்டேக்கரும் ஸாய் விட்டேக்கரும் முதலைங்களை வளர்த்துப் பெருக்கறதுக்காக இதைத் தொடங்கினாங்க. சின்னவகிட்ட மூக்கை மட்டும் காட்டு. சதுப்பு முதலைக்கு அகலம், கரியாலுக்குக் குச்சி மாதிரி நீளம், ஏன்னா அது மீன் பிடிக்கற முதலை. வளர்ந்த ஆண் கரியாலுக்கு மூக்கு நுனியில சின்னப் பானை கவுத்த மாதிரி ஒரு புடைப்பு இருக்கும்.

நான்: பாம்பு?

அக்கா: அந்த வளாகத்துலதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978ல தொடங்கினது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும், பாம்பு பிடிக்கறதையே பிழைப்பா வச்சிருந்த இருளர் மக்களுக்கு வேலை போச்சு. அந்தத் திறமையையே உயிர் காக்கற தொழிலா மாத்தினாங்க. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலோட விஷத்தை எடுத்து மருந்து கம்பெனிக்குக் குடுப்பாங்க. பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரில போடற ஊசி மருந்து அதுலருந்துதான் வருது. அந்தச் சமூகத்துலருந்து வடிவேல் கோபால், மாசி சடையன் ரெண்டு பேருக்கும் 2023ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. விஷம் எடுக்கற நேரத்துல நீ இருந்தா, தோள்ல தூக்கி வச்சுக் காட்டு. சின்னவ பயந்தா வெளிய வந்துடு. "ஒண்ணும் ஆகாது, பாரு பாரு"ன்னு இழுக்காத.

அந்த ஏழு நிமிஷம்

நான்: பெரியவன் காணாமப் போனது...

அக்கா: சாயங்காலம் நாலு மணி, செம கூட்டம். அர்ச்சுனன் தபசு பக்கத்துல நான் சின்னவளுக்குத் தண்ணி குடுத்துட்டிருந்தேன். மாமா போட்டோ எடுத்துட்டிருந்தார். அவன் அப்பாகிட்ட இருக்கான்னு நான் நினைச்சேன், அம்மாகிட்ட இருக்கான்னு அவர் நினைச்சார். ரெண்டு பெரியவங்க இருந்தும் யாருமே பார்த்துட்டில்ல. அதான்டா விஷயம்.

நான்: எவ்ளோ நேரம்?

அக்கா: ஏழு நிமிஷம். போன்ல பார்த்ததால தெரியும். இல்லன்னா ஒரு மணி நேரம்னு சொல்லியிருப்பேன். யாரோ "என்ன கலர் சட்டை?"ன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல. காலைல நானே போட்டு விட்ட சட்டை. கலர் ஞாபகம் வரல.

நான்: ...

அக்கா: ரோட்டோரமா ஒரு சிற்பப் பட்டறை வாசல்ல உக்காந்திருந்தான். உளி அடிக்கறதைப் பார்த்துட்டே இருந்திருக்கான். பக்கத்துல பூ விக்கற அம்மா, தனியா வந்த பையன்னு தெரிஞ்சு, கையைப் பிடிச்சு உக்கார வச்சிருந்தாங்க. "அவன் எங்கயும் போகலம்மா, வேலை பார்த்துட்டிருந்தான்"னு சொன்னாங்க. அவங்களுக்கு ஒழுங்கா நன்றிகூடச் சொல்லல, அழுதுட்டேன்.

நான்: அதுக்கப்புறம் என்ன மாத்தின?

அக்கா: அஞ்சு விஷயம். ஒண்ணு, கிளம்பறதுக்கு முன்னாடி வாசல்ல நிக்க வச்சு ரெண்டு பேரையும் முழுசா ஒரு போட்டோ. சட்டை, செருப்பு எல்லாம் தெரியணும். ரெண்டு, கையில பேனாவால போன் நம்பர். ஒரு நம்பர் இல்ல, ரெண்டு நம்பர். மூணு, "வழி தெரியலன்னா தேடி அலையாத, நின்ன இடத்துலயே நில்லு. கடையில இருக்கற அம்மாகிட்ட, குழந்தையோட இருக்கற அம்மாகிட்ட சொல்லு"ன்னு முன்னாடியே விளையாட்டா நடிச்சுக் காட்டறது. நாலு, பார்த்துக்கற பொறுப்பை வாயால சொல்லிக் கைமாத்தணும். "இப்ப நீ பாரு"ன்னு ஒருத்தர் சொல்லணும், "சரி, நான் பார்க்கறேன்"னு இன்னொருத்தர் சொல்லணும். அந்தப் பதில் வராம கண்ணை எடுக்கக் கூடாது. அஞ்சு, கிடைக்கலன்னா வெட்கப்படாம உடனே கத்திக் கூப்பிடு, பக்கத்துல போலீஸ் இருந்தா சொல்லு, 112க்கு அடி. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

நான்: அக்கா, நான் தனியாதான் போறதா இருந்தேன்.

அக்கா: தெரியும். அதான் இதைச் சொன்னேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போ. முட்டி வலின்னு சொல்லுவாங்க, ஒரு மடக்கு நாற்காலியை டிக்கில போட்டுக்கோ. இந்த வயசுல ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் வேணும், அதுல கஞ்சத்தனம் கூடாது.

வெயில், கடல், கார்

நான்: பை நிறைய என்ன எடுத்துக்கணும்?

அக்கா: பொம்மை வேண்டாம், தண்ணி வேணும். ஆளுக்கு ஒரு தொப்பி, மாத்துத்துணி ரெண்டு செட், ஈரத்துணி, பழைய துண்டு, ஓஆர்எஸ் பாக்கெட். பாக்கெட்ல எவ்ளோ தண்ணின்னு போட்டிருக்கோ அவ்ளோதான் கலக்கணும், கண் அளவுல கலக்காத. காலைக்கு இட்லி, மதியத்துக்கு எலுமிச்சை சாதம். தயிர் சாதம் வெயில்ல புளிச்சுடும். இடத்துக்கு இடம் கிளம்பறதுக்கு முன்னாடி, வருதோ வரலையோ, பாத்ரூம் போயிட்டுத்தான் கார்ல ஏறணும்.

நான்: வெயில் தாங்கலன்னு எப்படித் தெரியும்?

அக்கா: குழந்தை சொல்லாது, சிடுசிடுங்கும். முகம் சிவக்கும், விளையாட்டை நிறுத்தும், ரொம்ப நேரமா மூத்திரமே போயிருக்காது. அடம் பிடிக்குதுன்னு திட்டறதுக்கு முன்னாடி நிழலுக்குக் கூட்டிட்டுப் போய்க் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடு, கழுத்துல ஈரத்துணி வை. வாந்தி எடுத்தா, உடம்பு கொதிச்சா, துவண்டு போனா டிரிப் முடிஞ்சுது, நேரா டாக்டர். கத்திரி வெயில்ல போகவே போகாத. டிசம்பர் கடைசிலருந்து பிப்ரவரி வரைக்கும்தான் இந்த டிரிப்புக்கு நல்ல நேரம்.

நான்: பீச்?

அக்கா: பார்க்கலாம், மண்ணுல விளையாடலாம், இறங்கக் கூடாது. கணுக்கால் அளவுக்குக்கூட வேண்டாம். ஈசிஆர் கடல் அமைதியாத் தெரியற அன்னைக்கும் அடியில இழுக்கும். பெரியவங்களையே இழுத்துட்டுப் போயிருக்கு. அங்க கொஞ்சறதுக்கு இடமே இல்ல.

நான்: கார்ல சின்னவ என் மடியில உக்காந்துப்பா...

அக்கா: மாட்டா. நீதானே வண்டி ஓட்டற? முன் சீட்ல யார் மடியிலயும் வேண்டாம். பின்னாடி அவ சீட்ல பெல்ட் போட்டுத்தான். 14 வயசுக்குக் கீழ இருக்கற குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாம ஓட்டினா 1000 ரூபா அபராதம்னு 2019 சட்டத்திருத்தத்துலயே இருக்கு. அபராதத்தை விடு. பிரேக் அடிச்சா மடியில இருக்கற குழந்தையை எந்தக் கையாலயும் பிடிக்க முடியாது.

நான்: கடைசிக் கேள்வி. இவ்ளோ கஷ்டப்பட்டுக் கூட்டிட்டுப் போனா, மூணு வயசுக் குழந்தைக்கு ஞாபகம் இருக்குமா?

அக்கா: உனக்கு அஞ்சு வயசுல அப்பா நம்மள அங்கதான் கூட்டிட்டுப் போனார். என்ன ஞாபகம் இருக்கு?

நான்: கோயில் ஞாபகமில்ல. பஸ்ல ஜன்னல் சீட். மாங்காய்ல மிளகாப்பொடி. அப்பா பேன்ட்டை முட்டி வரைக்கும் மடிச்சு விட்டிருந்தார்.

அக்கா: அவர் நமக்குக் கோயில் காட்டத்தான்டா கூட்டிட்டுப் போனார்.

சுருக்கமாக

- ஒரு நாளைக்கு ரெண்டு இடம். வெட்டவெளி முதலில், நிழல் அடுத்து.
- திங்கள்: முதலைப் பண்ணை விடுமுறை. செவ்வாய்: தட்சிணசித்ரா விடுமுறை. நேரமும் கட்டணமும் மாறும். முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.
- கிளம்பும்போது முழு உருவப் போட்டோ, கையில் ரெண்டு போன் நம்பர்.
- "இப்ப நீ பாரு" – "சரி, நான் பார்க்கறேன்."
- கடலில் இறங்க வேண்டாம்.

பின்குறிப்பு: இந்த எழுத்து வடிவம் வெளியாகறதுக்குள்ள எங்க டிரிப் முடிஞ்சிருச்சு. அம்மா வந்தாங்க, நாற்காலியும் வந்துச்சு. பூனையைப் பெரியவன் பத்து செகண்ட்ல காட்டிட்டான், எனக்குத்தான் அஞ்சு நிமிஷம் ஆச்சு. ஐந்து ரதம் போகல. பெரியவன் அதே பட்டறை வாசல்ல முக்கால் மணி நேரம் உக்காந்துட்டான். இந்தத் தடவை நானும் பக்கத்துல உக்காந்தேன். பூ விக்கற அம்மாவைத் தேடினோம், அன்னைக்கு அவங்க வரல. முதலைப் பண்ணைல சின்னவ பார்த்தது ஒரே ஒரு ஆமையை. திரும்பி வரும்போது கோவளம் தாண்டறதுக்கு முன்னாடியே ரெண்டும் தூங்கிடுச்சு, அம்மாவும்தான்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம் மக்களே. நீங்க சின்ன வயசுல போன டிரிப்ல என்ன ஞாபகம் இருக்குன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க.